புதுச்சேரியில் வண்டி எடுக்காமல் நடந்தே 2 நாள்: எப்படிப் பிரித்துக்கொள்வது?

சேலத்து_மாம்பழம் கேட்டது:

வணக்கம். சேலத்திலிருந்து குடும்பத்தோடு வருகிறோம். நான், மனைவி, அம்மா (68 வயது, முட்டி வலி, ஒரே மூச்சில் இருபது நிமிடத்துக்கு மேல் நடக்க மாட்டார்), 10 வயதுப் பையன், இரண்டரை வயதுப் பெண். சனிக்கிழமை காலை 8 மணிக்குள் பேருந்தில் வந்து இறங்கி, ஞாயிறு இரவு கிளம்புவதாகத் திட்டம். அறை இன்னும் போடவில்லை.

ஊர் சின்னது, நடந்தே பார்க்கலாம் என்கிறார்கள். எங்களைப் போன்ற கூட்டத்துக்கு அது நடக்கிற காரியமா? அறை எந்தப் பக்கம் போட வேண்டும்? ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்தே ஆக வேண்டுமா? குழந்தையின் தள்ளுவண்டியைக் கொண்டுவரலாமா? பையன் கடலில் குளித்தே தீருவேன் என்கிறான். பிரெஞ்சுப் பகுதியின் மஞ்சள் சுவர் முன்னால் நின்று படம் எடுத்துவிட்டு ஊர் திரும்பிய கதையாகிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

---

வாய்க்கால்_மேற்கு எழுதியது:

தாராளமாக நடக்கலாம். ஆனால் எத்தனை இடம் பார்ப்பது என்று கணக்குப் போடாதீர்கள், எந்த மணிக்கு எந்தத் தெருவில் இருப்பது என்று போடுங்கள். இந்த ஊரில் ஆளைக் களைப்படையச் செய்வது தூரம் இல்லை, வெயில்.

முதலில் ஊரின் அமைப்பு. பழைய நகரம் ஒரு நீள்வட்டம். கிழக்கே கடல், வடக்கே எஸ்.வி. படேல் சாலை, மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை. உள்ளே தெருக்கள் எல்லாம் நேர்கோட்டில் வெட்டிக்கொள்ளும், வழி தவற முடியாது. நடுவில் வடக்கு தெற்காகப் பெரிய வாய்க்கால் ஓடுகிறது. அதற்குக் கிழக்கே ‘ஒயிட் டவுன்’ எனப்படும் பழைய பிரெஞ்சுப் பகுதி, மேற்கே தமிழர் பகுதி. காந்தி சிலையிலிருந்து வாய்க்காலுக்கு ஏறக்குறைய அரை கிலோமீட்டர். அங்கிருந்து அண்ணா சாலை வரை அதைப்போல இரண்டு மடங்கு இருக்கும்.

தெருப்பெயரில்தான் வெளியூர்க்காரர்கள் மாட்டிக்கொள்வார்கள். ஆட்டோக்காரர் புஸ்ஸி வீதி என்பார், வரைபடத்தில் லால் பகதூர் சாஸ்திரி வீதி என்றிருக்கும். மிஷன் வீதியும் கதீட்ரல் வீதியும் ஒன்றே. வைசியாள் வீதி என்றால் கல்வே சுப்பராய செட்டி வீதி. அறை போடும்போது இரண்டு பெயரையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அறை: உங்களுக்கு ஒயிட் டவுனின் உள்பக்கம் அல்லது மிஷன் வீதிக்கும் வாய்க்காலுக்கும் இடைப்பட்ட தெருக்கள் சரி. மதியம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் அறைக்குத் திரும்ப முடிவதுதான் உங்களுக்கு முக்கியம். ஊருக்கு வெளியே மலிவாகக் கிடைக்கிறது என்று போனால் மிச்சப்படுவது ஆட்டோவுக்கே சரியாகிவிடும். பழைய பிரெஞ்சு வீட்டை விடுதியாக்கியிருப்பவற்றில் பெரும்பாலும் லிப்ட் கிடையாது, மாடிப்படி செங்குத்தாக இருக்கும். ‘தரைத்தளத்தில் அறை உண்டா’ என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். வாய்க்காலை ஒட்டிய அறையும் வேண்டாம். அதில் ஓடுவது சாக்கடைத் தண்ணீர், கோடையில் ஜன்னலைத் திறக்க முடியாது.

சனிக்கிழமை: பேருந்து நிலையம் மறைமலையடிகள் சாலையில் இருக்கிறது. அங்கிருந்து மூட்டையோடு நடக்க வேண்டாம், ஆட்டோ பிடித்து அறையில் பையைப் போட்டுவிடுங்கள். பிறகு அரவிந்தர் ஆசிரமம், மணக்குள விநாயகர் கோயில், ஆளுநர் மாளிகையான ராஜ் நிவாஸ், அருங்காட்சியகம், பாரதி பூங்கா. ஐந்தும் ஒரே கொத்தாக, ஒன்றிலிருந்து ஒன்று சில நிமிட நடையில் இருக்கின்றன.

ஆசிரமம் காலை 8 முதல் 12, பிற்பகல் 2 முதல் 6. கட்டணம் இல்லை. 3 வயதுக்குக் குறைந்த குழந்தைகளை உள்ளே விடமாட்டார்கள், உங்கள் மகளுக்கு இன்னும் ஆறு மாதம் பாக்கி. வாசலில் போய் வாதாடிப் பயனில்லை. பெரியவர்கள் இரண்டு தவணையாகப் போங்கள், வெளியே இருப்பவர் குழந்தையோடு பாரதி பூங்கா நிழலில் உட்காரலாம். உள்ளே பேச்சு, படம் எதுவும் கூடாது. பிப்ரவரி 21, ஆகஸ்ட் 15, நவம்பர் 24 போன்ற தரிசன நாட்கள் வாரக் கடைசியோடு சேர்ந்தால் அந்த வாரத்தையே தவிர்த்துவிடுங்கள், வரிசை தெருவைத் தாண்டும்.

விநாயகர் கோயில் பகலில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கும், அதனால் காலையிலேயே முடியுங்கள். யானை லட்சுமியைப் பார்க்கலாம் என்று பையனிடம் சொல்லிக் கூட்டி வராதீர்கள். அது 2022 நவம்பரில் இறந்துவிட்டது. இணையத்தில் பழைய படங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

அருங்காட்சியகம் திங்கள் விடுமுறை, சனிக்கிழமை பார்ப்பது நல்லது. பெரும்பாலானவர்கள் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே படுத்ததாகச் சொல்லப்படும் கட்டிலைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். அரிக்கமேட்டில் கிடைத்த ரோமானிய மதுச்சாடி ஓடுகளையும் மணிகளையும் பையனுக்குக் காட்டுங்கள். அந்த இடம் இங்கிருந்து சில கிலோமீட்டரில்தான், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது. போனால் செங்கல் சுவர் ஒன்றிரண்டும் மரங்களும்தான். பொருள் எல்லாம் அருங்காட்சியகங்களில்.

மதியம் 1 மணி முதல் 3.30 வரை ஊர் தூங்கும். நிறையக் கடைகளும் சாத்தியிருக்கும். நீங்களும் தூங்குங்கள்.

நிழல் கணக்கு இதுதான். வடக்கு தெற்காகப் போகும் தெருக்களில் காலை 10 மணி வரை கிழக்குப் பக்கச் சுவரை ஒட்டி நடந்தால் நிழல். மாலை 3.30-க்கு மேல் மேற்குப் பக்கம். கிழக்கு மேற்காகப் போகும் தெருக்களில் காலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும். ஆனால் மதியத்துக்கு மேல் கடல் காற்று உள்ளே வருவதும் அந்தத் தெருக்கள் வழியாகத்தான். எனவே நீள நடை எல்லாம் டூமா வீதி, ரோமன் ரோலண்ட் வீதி, சுப்ரேன் வீதி போன்ற நெடுக்குத் தெருக்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டி கிடையாது. அதுதான் உங்கள் நேரம். தள்ளுவண்டி அங்கே நன்றாக ஓடும். உள் தெருக்களில் ஓடாது. நடைபாதை உயரமாக இருக்கும், பாதி இடத்தில் பைக் நிற்கும், இல்லாவிட்டால் மின்பெட்டி இருக்கும். மடக்கித் தோளில் போடக்கூடிய வண்டி இருந்தால் மட்டும் கொண்டு வாருங்கள்.

---

உப்புக்காற்று எழுதியது:

குளியல் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் உயிர் போகிறது.

காந்தி சிலைக்கு முன்னால் இருப்பது குளிக்கிற கடல் இல்லை. கரை முழுக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறது. காரணம் இதுதான்: இந்தக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். மணல் சுவருக்குத் தெற்கே தேங்கிவிட்டது, வடக்கே இருந்த நகரக் கரை அரிபட்டது. சாலையைக் காப்பாற்றக் கல்லைக் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்தில் அரிப்பு நின்று அதற்கு வடக்கே இருந்த மீனவர் குப்பங்களுக்கு நகர்ந்தது தனிக்கதை.

அந்தக் கற்கள் மேல் பாசி படிந்திருக்கும். காய்ந்த கல்லில் நம்பிக் கால் வைப்பீர்கள், அடுத்த கல் ஈரமாக இருக்கும். இடுக்கில் கால் சிக்கினால் அடுத்த அலை வருவதற்குள் எடுப்பது கஷ்டம். படம் எடுக்க இறங்குகிறவர்களுக்குத்தான் இது நடக்கிறது. பையனை மதில் மேல் உட்கார வையுங்கள், அந்தப் பக்கம் இறங்க விடாதீர்கள்.

தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் இருக்கிறது. கடலுக்குள் இரும்பாலான முக்கோண அமைப்பு ஒன்றை இறக்கி அலையின் வேகத்தைக் குறைத்ததால் 2018-க்குப் பிறகு திரும்பச் சேர்ந்த மணல் அது. காலை நனைக்கலாம், மணல் வீடு கட்டலாம். அதற்கு மேல் போனால் போலீஸ் விசில் அடிப்பார், அடிக்க வேண்டும்.

மணல் வேண்டும் என்றால் தெற்கே வம்பாகீரப்பாளையம் பக்கம் ‘பாண்டி மெரினா’. டூப்ளே சிலையைத் தாண்டித் தெற்கே போக வேண்டும், அம்மாவுக்கு ஆட்டோ பிடியுங்கள். அங்கேயும் முழங்கால் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சினிமாவில் வரும் பழைய கடல் பாலத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு: அது 2022 மார்ச்சில் இடிந்தது. இப்போது பார்க்க ஒன்றுமில்லை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருவதாக இருந்தால் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டு அறை போடுங்கள். புயல் சின்னம் என்றால் கடற்கரைச் சாலையே மூடப்படும்.

இன்னொன்று. இங்கே சூரியன் கடலில் உதிக்கும், மறையாது. ‘சன்செட் வியூ’ என்று அறை விற்பவரை என்னவென்று சொல்வது! ஜூன் மாதம் 5.45-ஐ ஒட்டி, ஜனவரியில் 6.30-ஐ ஒட்டி உதயம். கால் மணி முன்னதாகப் போய்விட்டால் பழைய கலங்கரை விளக்கத்துக்கும் காந்தி சிலைக்கும் எதிரே உட்கார இடம் இருக்கும். சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. சாய்வு வெயில் விழும்போது செதுக்கல் தெளிவாகத் தெரியும், நடுப்பகலில் எல்லாம் தட்டையாகிவிடும்.

---

திண்ணை_வீடு எழுதியது:

வாய்க்கால்_மேற்கு சொன்னதில் ஒரு குறை, அதுவும் இந்தப் பெயரை வைத்துக்கொண்டு! சனிக்கிழமை முழுக்க கிழக்கேயே சுற்ற வைத்துவிட்டார். மஞ்சள் சுவரோடு முடிந்துவிடக் கூடாது என்றுதானே கேள்வியே? ஞாயிறு காலையை முழுக்க மேற்குப் பக்கத்துக்குக் கொடுங்கள். உதயம் பார்த்து, காபி குடித்து, 7 மணிக்கு மிஷன் வீதியிலிருந்து வைசியாள் வீதிக்குள் நுழையுங்கள். மூன்று நான்கு நிமிடத்தில் நடந்துவிடக்கூடிய நீளம்தான், ஆனால் முக்கால் மணி நேரம் நின்று பார்க்கலாம்.

என்ன பார்ப்பது? முதலில் தெருவை ஒட்டிய தாழ்வாரம். மரத்தூண்கள் வரிசையாக நின்று ஓட்டுச் சரிவைத் தாங்கும். அது வழிப்போக்கனுக்கு. அதற்கு உள்ளே உயரமாகத் திண்ணை, அது வந்தவர் உட்கார. பிறகு செதுக்கிய கதவு. அது திறந்திருந்தால் ரேழி வழியாக முற்றத்து வெளிச்சம் தெருவிலிருந்தே தெரியும். இப்போது தலையைத் தூக்கி மாடியைப் பாருங்கள். வளைவு ஜன்னல், பலகைச் சாய்ப்பு வைத்த கதவு, சுண்ணாம்புச் சாந்தில் வரி போட்ட தூண், கைப்பிடிச் சுவர். கீழே தமிழ், மேலே பிரெஞ்சு. ஒரே வீட்டில் இரண்டும் அமர்ந்திருப்பது இந்த ஊரில்தான் இவ்வளவு நெருக்கமாகப் பார்க்கலாம். பிறகு ஒயிட் டவுனுக்குத் திரும்பிப் பார்த்தால் வித்தியாசம் உறைக்கும். அங்கே தெருவில் உயர்ந்த மதிலும் கேட்டும் மட்டும், வீட்டின் அழகெல்லாம் உள்ளே தோட்டத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கும். வைசியாள் வீதியைச் சீரமைத்த பணிக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது.

சுவரை உற்றுப் பாருங்கள். சில இடத்தில் பெயின்ட் கொப்புளித்து, தொட்டால் மாவாக உதிரும். அது உப்பு. பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்து, ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தேங்கி, உப்பு பூத்து, பூச்சைப் பிளந்துகொண்டு வரும். சீராக நிற்கும் வீட்டையும் உரிந்து நிற்கும் வீட்டையும் பக்கத்துப் பக்கத்தில் காட்டினால் பையனுக்கே புரிந்துவிடும்.

‘300 வருடத்து வீடு’ என்று ஒயிட் டவுனில் யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். 1761-ல் ஆங்கிலேயர் கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் இடித்துத் தள்ளினார்கள். 1765-க்குப் பிறகு எழுந்ததுதான் இப்போது இருப்பது. தெருக்களின் கட்டம்தான் பழையது, அதில் 1690-களில் ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்களுக்கும் பங்குண்டு.

அடுத்து ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதி. வேதபுரீசுவரர் கோயிலும் பாரதியார் வாழ்ந்த வீடும் அங்கே. 1908 முதல் 1918 வரை பாரதி இந்த ஊரில் இருந்தார். பாரதிதாசன் வீடு பெருமாள் கோயில் வீதியில். இரண்டும் நினைவு இல்லங்கள், காலை 7 மணிக்குப் போனால் பூட்டுதான் தெரியும். உள்ளே பார்க்கும் ஆசை இருந்தால் சனிக்கிழமையே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

இந்த நேரத்தில் காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் கடை விரிக்க ஆரம்பித்திருக்கும். துணி, செருப்பு, பாத்திரம், பழைய புத்தகம் எல்லாம் சாலை நெடுக. 9 மணியிலிருந்து 10.30-க்குள் நடந்து முடியுங்கள். மாலையில் போனால் தோளோடு தோள் இடிக்கும், குழந்தையை இறக்கிவிட முடியாது. அங்கிருந்து நேரு வீதி வழியாகப் பெரிய மார்க்கெட். பெயர்ப் பலகையில் குபேர் அங்காடி. பூக்கடையிலிருந்து நுழைந்து மீன் பக்கமாக வெளியே வாருங்கள், மறுதிசையில் போனால் மீன் தண்ணீரை மிதித்துக்கொண்டு பூ வாங்க வேண்டியிருக்கும். தரை வழுக்கும், அம்மாவுக்குப் பட்டை வைத்த செருப்பு.

மார்க்கெட்டை ஒட்டிய ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இருக்கிறது. அவர் டூப்ளேயின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் வணிகத் தரகரும். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்புதான் அந்தக் காலப் புதுச்சேரியைப் பற்றித் தமிழில் நமக்குக் கிடைத்த பெரிய சாட்சி. வெளியிலிருந்து பார்க்கலாம், உள்ளே இஷ்டத்துக்கு நுழைய முடியாது.

ஒரு வேண்டுகோள். இரண்டு பக்கத்திலும் இவை மனிதர்கள் குடியிருக்கும் வீடுகள். திண்ணையில் ஏறி உட்கார்ந்து படம் எடுக்கும் முன் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

---

ஒன்வே எழுதியது:

ஸ்கூட்டர் வேண்டாம். ஐந்து பேருக்கு இரண்டு வண்டி எடுக்கணும். பாதித் தெரு ஒருவழிப் பாதை, சாயந்திரம் கடற்கரைச் சாலை மூடினதும் அத்தனை வண்டியும் பின் தெருவுல நிக்கும். அப்படியும் எடுப்பேன்னா நம்பர் பலகையைப் பாருங்க. வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை வண்டியைக் கொடுத்தா வாங்காதீங்க, விபத்துன்னா இன்சூரன்ஸ் கை விரிச்சிடும். ஹெல்மெட் ரெண்டு கேட்டு வாங்குங்க.

ஆட்டோவுல மீட்டரை எதிர்பார்க்காதீங்க. ஏறும் முன்னாடி ‘எல்லாரும் சேர்த்து எவ்வளவு’ன்னு பேசிடுங்க. இறங்குற இடத்தை வீதி பேர் சொல்லாம பக்கத்துக் கோயில், சர்ச்சுன்னு சொன்னா குழப்பம் இல்ல. சர்ச்சுன்னாலும் மூணு இருக்கு. மிஷன் வீதியில இருக்கிறது சம்பா கோயில், டூமா வீதியில கடலைப் பார்த்த மாதிரி இருக்கிறது கப்ஸ் கோயில், ரயில் நிலையம் பக்கம் சிவப்பும் வெள்ளையுமா உயரமா இருக்கிறது இருதய ஆண்டவர் பசிலிக்கா. மூணாவதுல கண்ணாடி ஓவியம் நல்லா இருக்கும், வெளிச்சம் இருக்கும்போதே போங்க.

பாட்டில் வாங்கிட்டுப் போகலாம்னு யாராவது ஐடியா கொடுத்தா கேட்காதீங்க. எல்லையில சோதனைச் சாவடி இருக்கு, பேருந்தையும் நிறுத்திப் பை பார்ப்பாங்க. கடற்கரையில குடிச்சாலும் கேஸ்.

ஞாயித்துக்கிழமை ராத்திரி பேருந்துக்கு இப்பவே முன்பதிவு பண்ணுங்க. சேலம் நேர் வண்டி கிடைக்கலைன்னா விழுப்புரம் போய் மாறுங்க, 40 கிலோமீட்டர்தான், வண்டி வந்துட்டே இருக்கும்.

---

சேலத்து_மாம்பழம் கேட்டது:

எல்லோருக்கும் நன்றி. தரைத்தள அறை தேடத் தொடங்கிவிட்டேன். இரண்டு சின்ன சந்தேகம். ஞாயிறு மதியத்துக்கு மேல் ஆரோவில் போய்வர முடியுமா? அம்மா சுத்த சைவம், பையன் பிரெஞ்சு ரொட்டி கேட்கிறான், எங்கே சாப்பிடுவது?

---

வாய்க்கால்_மேற்கு எழுதியது:

இந்தப் பயணத்தில் ஆரோவில் வேண்டாம். ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்குள்ள தங்க நிற உருண்டையான தியான மண்டபம் மாத்ரி மந்திரை வெளியிலிருந்து பார்க்கும் இடத்துக்கே பார்வையாளர் மையத்திலிருந்து செம்மண் பாதையில் ஒரு கிலோமீட்டர்போல நடக்க வேண்டும். உள்ளே போக முன்கூட்டியே பதிவு வேண்டும், போன அன்றே கிடைக்காது. ஞாயிறு கூட்டத்தில் இரவுப் பேருந்தையும் வைத்துக்கொண்டு அங்கே போனால் இரண்டும் கெட்டுவிடும். அந்த நேரத்தில் பசிலிக்காவையும் தாவரவியல் பூங்காவையும் பாருங்கள். 1826-ல் போட்ட தோட்டம், மரங்கள் பெரிது, பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியும் அந்தப் பக்கம்தான்.

சாப்பாடு: நேரு வீதி, காந்தி வீதிப் பக்கம் சைவ உணவகங்கள் நிறைய. காலை பலகாரத்துக்கு நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸ் நல்லது, பழைய மேசை நாற்காலி, அவசரப்படுத்த மாட்டார்கள். ஒயிட் டவுன் கபேக்களில் அம்மாவுக்கு ஏற்றது குறைவாகத்தான் இருக்கும், கேக்கில் பெரும்பாலும் முட்டை இருக்கும். ரொட்டிக்குப் புஸ்ஸி வீதிப் பேக்கரிகள். காலையிலேயே வாங்குங்கள். நீள ரொட்டி இந்தக் கடற்காற்றில் மதியத்துக்குள் மொறுமொறுப்பு போய் ரப்பராகிவிடும். பிளாஸ்டிக் பையில் சுற்றினால் இன்னும் சீக்கிரம், காகித உறையோடே வையுங்கள்.

---

திண்ணை_வீடு எழுதியது:

கழிவறை பற்றி யாரும் சொல்லவில்லை. தெருக்களில் கிடைப்பது அரிது. அருங்காட்சியகம், சாப்பிடும் இடம், அறை என்று கிடைத்த இடத்திலெல்லாம் அம்மாவையும் குழந்தையையும் அனுப்பிவிட்டு அடுத்த நடையைத் தொடங்குங்கள். சண்டே மார்க்கெட்டுக்குள் நுழைந்துவிட்டால் நேரு வீதி வரும்வரை வழியில்லை.